சொல்லாமல் கற்பித்த ஆட்டங்கள்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் பதிக்கப்பட்ட கண்ணாடி இழை வடம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பயன்பாட்டுக்கு முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரையும், சுயராஜ்ய தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய பகுதிகளையும் சென்னையோடு இணைத்தது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்த தீவு மக்களுக்கு வங்கிச் சேவையும் தொலைநிலைக் கல்வியும் தொலைநிலை மருத்துவமும் எளிதாயின. இவற்றோடு ஆரவாரமின்றி மற்றொன்றும் வந்து சேர்ந்தது. அது, நவீன காணொளி விளையாட்டு.

இதில் ஒரு சுவையான பொருத்தமும் உண்டு. இவ்வடத்தைப் பதித்த ஜப்பானின் என்.இ.சி. குழுமம்தான், 1987இல் 'பி.சி. எஞ்சின்' என்னும் காணொளி விளையாட்டுக் கருவியைத் தன் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து விளையாட்டுகளுக்கு இணையம் தேவைப்படவில்லை. அவை தமக்கு வேண்டிய அனைத்தையும் தம்முள்ளேயே சுமந்து வந்தன. புதிதாக விளையாட வருபவருக்குக் கற்பிக்க வேண்டிய பாடமும் அவற்றுள்ளேயே அடங்கியிருந்தது. அந்தப் பாடம் எவ்வாறு அமைந்திருந்தது, இன்று எவ்வாறு மாறியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது, விளையாடும் சிறுவர்களுக்கு மட்டுமன்றிக் கைபேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளும் பெரியவர்களுக்கும் பயன் தரும்.

கப்பலில் வந்த கேசட்

1990களில் இந்திய நகரங்களின் கடைத்தெருக்களில், நின்டெண்டோ நிறுவனக் கருவியின் நகல்கள் தாராளமாகக் கிடைத்தன. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, மேலே ஒரு கேசட்டைச் செருகினால் ஆட்டம் தொடங்கிவிடும். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். சென்னைக்குச் சென்று திரும்பும் உறவினரின் பெட்டியில் அத்தகைய கேசட் ஒன்று வந்து சேர்ந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். உறையுள் கையேடு இல்லை. திரையில் சில சமயம் ஜப்பானிய எழுத்துகள். ஐயம் கேட்கவும் எவருமில்லை. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவர்கள் அன்று மாலைக்குள்ளேயே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டில் 'டாங்க்' என்ற பெயரால் பலரும் அறிந்த, 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'யையே எடுத்துக்கொள்ளலாம். திரையின் அடிப்பகுதியில் செங்கற்சுவரால் சூழப்பட்ட கழுகுச் சின்னம் ஒன்று இருக்கும். அதைக் காக்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பகைவரின் குண்டு அதன்மீது பட்ட கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். அந்த ஒரு தோல்வியே பாடம். இரண்டாம் முறை எந்தச் சிறுவனும் அச்சின்னத்தைக் கவனிக்காமல் விடுவதில்லை.

நாணயம் கற்பித்த இலக்கணம்

இக்கலை வீட்டுக்குள் பிறந்ததன்று. நாணயம் போட்டு விளையாடும் பொது இயந்திரங்களில் பிறந்தது. 1971இல் அமெரிக்காவில் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' தொழில்நுட்பத்தில் புதுமையானது. எனினும் அதன் விதிகளும் பொத்தான்களும் புதியவர்களைக் குழப்பின. எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. அடுத்த ஆண்டு அவர்களுடைய அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' ஆட்டத்தில் இருந்தவை ஒரு பந்தும் இரண்டு மட்டைகளும் மட்டுமே. பந்தைத் தவறவிடாதீர்கள் என்பதே அதன் விளக்கத்தின் சாரம். அது பெருவெற்றி பெற்றது.

நாணயம் போட்டவர் அரை நிமிடத்தில் குழம்பி விலகிவிட்டால் இயந்திரத்தின் உரிமையாளருக்கு இழப்பு. ஆகவே ஆட்டம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1980இல் தோரு இவாதானி வடிவமைத்த 'பேக்-மேன்' இயந்திரத்தின் முன் ஒருவரும் இல்லாத வேளையிலும், அதன் திரையில் நான்கு பேய்களும் பெயரோடு அறிமுகமாகும். ஆட்டமும் தானே சிறிது நேரம் ஓடிக்காட்டும். காசை வாங்குவதற்கு முன்பே பாடத்தைச் சொல்லிவிடுவது அதன் முறை.

தரையுள்ள பள்ளம்

இவ்வழக்கின் சிகரமாகப் பலரும் கருதுவது, 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் முதற்பகுதியாகும். முழு ஆட்டத்தின் அளவும் வெறும் 40 கிலோபைட். இன்றைய கைபேசியில் ஒரு ஜிகாபைட் இடத்தில் அத்தகைய ஆட்டங்கள் 25,000 அடங்கும். நீண்ட விளக்கங்களுக்கு அதில் இடமில்லை. எனவே ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் காட்சியமைப்பையே ஆசிரியராக்கினர்.

மாரியோ திரையின் இடப்புறத்தில் நிற்கிறார்; வலப்புறம் வெற்றிடம். ஆகவே வலப்புறமாகச் செல்ல வேண்டும் என்பது தானே விளங்குகிறது. எதிரே சினந்த முகத்துடன் ஓர் உருவம் நகர்ந்து வருகிறது. அதைத் தொட்டால் ஓர் உயிர் போகும். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருப்பதால் இழப்பு மிகச் சிறிது. மேலே மின்னும் கேள்விக்குறிக் கட்டை ஆவலைத் தூண்டுகிறது. அதை முட்டினால் நாணயம் கிடைக்கிறது. மற்றொரு கட்டையிலிருந்து வெளிப்படும் காளான் வலப்புறம் உருண்டோடி, அங்குள்ள குழாயில் மோதி, விளையாடுபவரை நோக்கியே திரும்பி வருகிறது. பகை என்று அஞ்சி விலக நினைப்பவரும் பெரும்பாலும் அதைத் தொட்டுவிடுவார். தொட்டதும் மாரியோ பெரியவராகிறார். எல்லாமே பகையன்று என்னும் பாடம் ஒரு சொல்லுமின்றிக் கற்பிக்கப்பட்டுவிடுகிறது.

முதற்பகுதியின் முடிவை நெருங்கும்போது எதிரெதிராக இரண்டு படிக்கட்டு மேடுகள் வருகின்றன. நடுவே உள்ள இடைவெளியில் தரை இருக்கிறது. தாவும்போது தவறி விழுந்தாலும் கேடில்லை. ஏறி மீண்டும் முயலலாம். சற்றுத் தொலைவில் அதே அமைப்பு மீண்டும் வருகிறது. இம்முறை நடுவே இருப்பது அடியற்ற பள்ளம். ஆனால் விளையாடுபவரின் கை இதற்குள் பழகிவிட்டது. முதலில் தரையுள்ள பள்ளம், பிறகே தரையற்ற பள்ளம். நல்ல ஆசிரியர் எவரும் பின்பற்றும் ஒழுங்கு இதுவே.

பழையன எல்லாம் பொன்னல்ல

பழைய ஆட்டங்கள் அனைத்தும் இத்தகைய பரிவுடன் அமைந்தன என்று கூறிவிட முடியாது. 1982இல் அட்டாரி வெளியிட்ட 'ஈ.டி.' ஆட்டத்தில், கையேட்டைப் படிக்காதவர் காரணம் புரியாமல் குழிகளில் மீண்டும் மீண்டும் விழுந்தார். விற்காமல் தேங்கிய கேசட்டுகளில் ஒரு பகுதி நியூ மெக்ஸிகோ மாநிலக் குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014இல் அவை தோண்டியெடுக்கவும் பட்டன. வேறு சில ஆட்டங்கள், மேலும் நாணயம் பெறும் நோக்குடனேயே கடுமையாக்கப்பட்டன.

அவ்வாறே புதியன எல்லாம் குறையுடையனவும் அல்ல. 2007இல் வெளிவந்த 'போர்ட்டல்' ஆட்டம், ஒவ்வோர் அறையிலும் ஒரு புதிய கருத்தை மட்டும் கற்பித்து, அடுத்த அறையில் அதையே சிறிது மாற்றிச் சோதிக்கும். 2017இல் வந்த 'செல்டா' ஆட்டம், நாற்புறமும் செங்குத்துச் சரிவுகள் கொண்ட பீடபூமியில் விளையாடுபவரை முதலில் உலவவிட்டு, பின்னரே விரிந்த உலகைத் திறக்கும். 2020இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் - பகுதி 2', பார்வைக் குறைபாடும் செவிக்குறைபாடும் உடையோர் விளையாடுவதற்கென 60க்கும் மேற்பட்ட அமைப்பு வசதிகளைக் கொண்டது. பழைய கேசட்டுகள் கனவிலும் எண்ணாத கனிவு இது.

சுட்டுவிரல் சொல்லும் வழி

கவலை தருவது வேறொரு வகை அறிமுகம். இலவசமாகக் கிடைக்கும் கைபேசி விளையாட்டுகள் பலவற்றில், தொடங்கியதும் திரை முழுதும் மங்கும். ஒரே ஒரு பொத்தான் மட்டும் ஒளிரும். ஒரு சுட்டுவிரல் அதைக் காட்டும். வேறெதையும் தொட இயலாது. தொட்டதும் பரிசு, மீண்டும் சுட்டுவிரல், மீண்டும் பரிசு. விரல் பழகுகிறது, அறிவு பழகுவதில்லை. பத்து நிமிடம் கழித்து, என்ன கற்றாய் என்று குழந்தையைக் கேட்டால் விடை சொல்லத் தெரியாது.

அப்பாடத்தின் இடையே பல சமயம் கடையும் அறிமுகமாகிறது. இலவசமாகச் சில மாணிக்கக் கற்களைத் தந்து, அவற்றைச் செலவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆட்டம் காட்டுகிறது. கற்கள் தீர்ந்தபின் அவற்றை வாங்கும் பொத்தானும் அதே இடத்தில், அதே நிறத்தில் ஒளிர்கிறது. பேக்-மேன் இயந்திரத்தின் முன் நின்றவர், தாம் நாணயம் போடுவதை அறிந்தே போட்டார். இங்கே நாணயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெற்றோரின் அட்டை விவரம் கைபேசியில் சேமிக்கப்பட்டிருந்தால், குழந்தைக்கு அது மற்றுமொரு பொத்தான்; அவ்வளவே.

பணத்தைப் பந்தயமாக வைத்து விளையாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அத்தகைய ஆட்டங்களுக்கான பணப்பரிமாற்றத்திற்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. எனினும் சாதாரண விளையாட்டுக்குள் பொருள் வாங்குவது இதனின்று வேறானது. அதற்குக் காவல் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி கைபேசியை அமைத்துக்கொள்வதும், குழந்தைகள் கையாளும் கருவியில் அட்டை விவரங்களைச் சேமிக்காதிருப்பதும், ஒருமுறை கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாதிருப்பதும் முதற்படிகள். அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. புதிய ஆட்டத்தின் முதற் கால்மணி நேரம் குழந்தையின் அருகில் அமர்ந்து, அது எதைக் கற்பிக்கிறது என்று பாருங்கள். திறனைக் கற்பிக்கிறதா, செலவைக் கற்பிக்கிறதா என்பது அதற்குள் விளங்கிவிடும்.

முதல் ஒரு ரூபாய்

கடலடி வடம் வந்தபின் தீவுகளிலும் புதிய மாணவர்கள் பலர் உருவாகியுள்ளனர். அவர்களுள் பேரக்குழந்தையிடமிருந்து கைபேசியை வாங்கி, பணம் அனுப்புவது எவ்வாறு என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பாட்டியும் ஒருவர். பேரன் செய்வது பெரும்பாலும் என்ன? கைபேசியை வாங்கித் தானே செய்து முடித்துவிடுகிறான். அல்லது இங்கே தொடுங்கள், இங்கே தொடுங்கள் என்று சுட்டிக்காட்டுகிறான். அடுத்த முறை பாட்டி மீண்டும் அவனையே தேட வேண்டியிருக்கிறது. அவன் இல்லாத நேரத்தில், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் அறியாத குரலொன்று இங்கே தொடுங்கள் என்று சொன்னாலும், பழகிய விரல் அவ்வாறே தொட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

மாற்றாக, பேரன் அருகில் அமர்ந்துகொண்டு, பாட்டியின் கையாலேயே தனக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லலாம். பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும் இடத்தில் நிறுத்தி, இது யாருடைய பெயர் என்று கேட்கலாம். பணம் தன் கைபேசியில் வந்து சேர்ந்ததைக் காட்டலாம். தவறினாலும் இழப்பு ஒரு ரூபாயே. பாட்டி அவ்வாறு இரண்டு மூன்று முறை தாமே செய்து பார்த்த பிறகு, மின்கட்டணமும் மருந்துக்கடைப் பணமும் தாமாகவே செலுத்தத் தொடங்குவார்.

அந்த ஒரு ரூபாய்தான் தரையுள்ள பள்ளம். 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய பழைய ஆட்டம் ஒன்று புதியவருக்கு அளித்த அந்த வாய்ப்பை, நாமும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அளிக்கலாம்.