ஓரடி உயரத்தை நம்பி ஓடும் வண்டிகள்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பாதி வழியில் நிறுத்தும் பெட்ரோல் அடைப்பு

ஊருக்குள் ஓட்டும்வரை வண்டியில் ஒரு குறையும் தெரியாது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். சிக்னலில் நின்றாலும் சீராக உறுமும். நான்குவழிச் சாலையில் ஏறி, அறுபதில் நாலைந்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும். இன்ஜின் திணறும், பிறகு நின்றேவிடும். ஓரங்கட்டிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடியும் நாலைந்து கிலோமீட்டர்தான்.

யமஹா ஆர்.எக்ஸ்.100, எஸ்டி, பழைய புல்லட், ஹீரோ ஹோண்டா சி.டி.100 போன்ற வண்டிகளை இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு நன்றாகவே தெரியும். “பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, இன்னும் நிக்குதுண்ணே” என்று மெக்கானிக் முன்னால் போய் நிற்பார்கள். ஆனால், கோளாறு பல நேரங்களில் பிளக்கிலோ காயிலிலோ இருப்பதில்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு பெட்ரோல் இறங்கிவரும் ஒரு முழத்துக்கும் குறைவான வழியில்தான் இருக்கிறது.

பம்ப் இல்லாத ஏற்பாடு

இந்த வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளிக்கொடுக்க எந்த இயந்திரமும் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் தன் எடையால் தானே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள உயரம் ஏறக்குறைய ஓரடி. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் பெட்ரோல் தரும் அழுத்தம் சுமார் 0.02 பார் மட்டுமே. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்த பிறகு இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாறிய புதிய வண்டிகளில், டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம் இது. புதிய வண்டி முட்டித் தள்ளிவிடுகிற தடையைப் பழைய வண்டியால் தாண்ட முடியாது.

எவ்வளவு பெட்ரோல் இறங்க வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்குத் தேவை 25 மில்லி. முழு ஆக்ஸிலேட்டரில் முறுக்கினால் இதைவிட வெகுவாகக் கூடும். அடைப்பினால் நிமிடத்துக்கு 15 மில்லிதான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 மில்லியை, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கியிருக்கும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பெட்ரோல் ஈடுகட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் அதுவும் வற்றிவிடும், இன்ஜின் நின்றுவிடும். வண்டி சும்மா நிற்கும்போது கிண்ணம் மெல்ல நிரம்புவதால் மறுபடி கிளம்புகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது 15 மில்லியே போதுமானதாக இருப்பதால் குறை வெளியில் தெரிவதில்லை.

நல்லெண்ணத்தில் போட்ட ஃபில்டர்

டேங்கில் துரு இருக்கிறது என்று தெரிந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, டியூபின் நடுவே ஒரு ஃபில்டரைச் செருகுவது. நோக்கம் நல்லதுதான், பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நேர்கிறது. பம்ப் உள்ள வாகனங்களுக்கான நெருக்கமான காகித ஃபில்டரை இதில் போட்டால், பெட்ரோலின் எடையால் அதை எளிதில் ஊடுருவ முடியாது. தண்ணீர் பட்டால் காகிதம் ஊறி உப்பிக்கொண்டு வழியை இன்னும் அடைக்கும். இந்த வண்டிகளுக்கு ஏற்றவை, சற்றே விரிந்த கண்ணுள்ள நைலான் அல்லது பித்தளை வலை ஃபில்டர்கள்.

பெட்ரோல் டேப்பின் மேல்முனையில், டேங்குக்குள்ளேயே ஒரு வலை ஏற்கெனவே உண்டு. பல மாடல்களில் டேப்பின் அடியில் கழற்றக்கூடிய ஒரு சிறு கிண்ணமும் இருக்கும். தூசியையும் தண்ணீரையும் தேக்கிப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்ட கிண்ணம் அது. வருடக்கணக்கில் அதைத் திறக்காமலேயே மேலும் ஒரு ஃபில்டரைச் சேர்ப்பவர்கள், அடைபட்ட வழியில் இன்னொரு தடையைக் கூட்டுகிறார்கள்.

ஃபில்டரைப் பொருத்தும் விதமும் முக்கியம். அதன் மேலுள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். டியூப் எங்கும் மேலேறி வளைந்து இறங்கக் கூடாது. மேடான வளைவில் காற்று தங்கிவிட்டால், அதைத் தள்ளி வெளியேற்றும் பலம் பெட்ரோலுக்கு இல்லை. மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று சொல்வது இதைத்தான். டியூப் இன்ஜின் சிலிண்டரை ஒட்டிப் போனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி இதே தொல்லையைக் கொடுக்கும். கண்ணாடி போன்ற ஃபில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். எடையால் இறங்கும் ஏற்பாட்டில் அது இயல்பு. எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

மூடியில் ஒரு ஊசித்துளை

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் மிகச் சிறிய காற்றுவழி ஒன்று இருக்கிறது. தூசியாலோ, பெயின்ட் அடிக்கும்போதோ, பொருந்தாத வாஷர் போட்டதாலோ அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை மேலேயே பிடித்துவைக்கும். நின்றுபோன வண்டியின் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால், உடனே வண்டி சரியாக ஓடினால், கோளாறு அந்தத் துளையில்தான். ஒரு பைசா செலவில்லாமல் தீரும் குறை இது.

ரிசர்வும் தீர்ந்த பிறகு வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு மறுபடி ஓட்டிப்போவதை நம் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. சட்டத்தின் மேல் உட்காருவதற்காக டேங்கின் அடிப்பகுதி நடுவில் குழிந்து, இருபுறமும் இரண்டு பைகளாகத் தொங்குகிறது. டேப் ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் தங்கிய பெட்ரோல், சாய்க்கும்போது மேட்டைத் தாண்டி டேப் இருக்கும் பக்கம் வந்துசேர்கிறது. அடியில் கிடக்கும் துருவும் தண்ணீரும் அதோடு சேர்ந்தே வரும் என்பதால், அடிக்கடி இப்படிச் செய்யும் வண்டியில் அடைப்பும் அடிக்கடி வரும்.

துரு, தண்ணீர், எத்தனால்

அடைப்பின் ஊற்றுக்கண் பெரும்பாலும் டேங்க்தான். பாதி காலியாக மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில், காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் படிந்து நீராகும். பெட்ரோலைவிடக் கனமான அது அடியில் தங்கி இரும்பைத் தின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னையைப் போன்ற இடங்களில், நீரில் நின்ற வண்டியை உதைத்துப் பார்க்கும் முன் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடித்துவிட வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்த்துக் கரைத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேப்பின் வாய் இருப்பதும் அங்கேதான். பல வருடங்களாக டேங்கில் ஒட்டியிருந்த பிசினையும் எத்தனால் இளக்கிவிடக்கூடும். 1980களின் ரப்பர் டியூபும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதி, மெத்தென்றாகி, உட்புறம் உதிர்ந்து தாமே அடைப்பாகின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் தாங்கும் டியூபுக்கும் வாஷருக்கும் மாறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

டேங்கைக் கழற்றி, சிறு நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கினால் தளர்ந்த துரு உதிரும். ஒட்டிய துருவுக்கு வினிகரை நிரப்பி ஓரிரு நாள் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே நன்றாக உலர்த்தி, உள்ளே எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். போட்ட நட்டுகள் அத்தனையும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காலியான டேங்குக்குள் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். அது பழகிய பட்டறையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

ஊசியால் குத்தாதீர்கள்

டேப்பைத் தாண்டிய தூசி கடைசியில் சிக்கும் இடம் கார்புரேட்டர். மிதவையோடு சேர்ந்து பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஊசியில் ஒரு துகள் மாட்டினால், மூடாமல் வழியும், அதுதான் ஓவர்ஃப்ளோ. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலில் கலக்கவும் வாய்ப்புண்டு. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பிரேக் கேபிள் இழையாலோ ஊசியாலோ அதைக் குத்தினால், மென்மையான பித்தளையில் துளை பெரிதாகி, அந்த ஜெட் அதோடு கெட்டது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும்தான் சரியான வழி. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால், டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட்டால் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்காது.

ஒரு நிமிடச் சோதனை

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நெருப்போ சூடான இன்ஜினோ அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், கார்புரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி, அளவு குறித்த ஜாடியில் விட்டு டேப்பைத் திறக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் 150 மில்லிக்குக் குறையாமல், சொட்டாமல் தாரையாக விழுந்தால் வழி சுத்தம். குறைந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அளக்கலாம். அப்போது சரியாக விழுந்தால் குற்றவாளி ஃபில்டர். மூடியைத் திறந்ததும் கூடினால் காற்றுத்துளை. இரண்டிலும் மாறாவிட்டால் டேப்பின் வலை. ஜாடியை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் துரு படிகிறதா, தண்ணீர் முத்துகளாகத் திரள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ரிசர்விலும் ஒருமுறை அளப்பது நல்லது.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் அலட்சியம் காட்டவே கூடாது. பெட்ரோல் குறைந்தால் கலவையில் காற்று மிகுந்து, இன்ஜின் கடுமையாகச் சூடேறும். பிளக்கின் முனை வெளுத்துக் காணும். ராஜ்தூத் 175 போல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டிகளில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பழைய டூ ஸ்ட்ரோக் எஸ்டி, ஆர்.எக்ஸ்.100 இரண்டின் தயாரிப்பும் 1996-இலேயே முடிந்துவிட்டது. நல்ல நிலையிலுள்ள அசல் சிலிண்டரைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைபவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும், அப்படிக் கடைவதும் சில முறைகளுக்கு மேல் முடியாது. ஒரு முழம் டியூப், ஒரு வலை ஃபில்டர், டேப் வாஷர் மூன்றையும் மாற்ற ஆகும் செலவு, அந்தக் கடைசல் வேலைக்கான கூலியில் ஒரு சிறு பங்குகூட இராது.