கடைசி ரேங்க் ராஜா!

வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பையனை எல்லோருக்கும் தெரியும். கடைசி ரேங்க் வாங்குகிறவனையும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற நம்மைத்தான் யாருக்கும் தெரியாது!

நாய்களுக்கும் இப்படி ஒரு ரேங்க் கார்டு உண்டு. கனடாவில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி கோரன், நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் சுமார் 200 பேரிடம் விசாரித்து, 1994-ல் ஒரு பட்டியல் போட்டார். முதல் ரேங்க், ஆடு மேய்க்கும் பார்டர் காலி. புதுசாக எதையும் ஐந்து தடவைக்குள் கற்றுக்கொண்டுவிடும்.

கடைசி, அதாவது 79-வது ரேங்க்... ஆஃப்கன் ஹவுண்ட்!

'உட்காரு' என்பதைப் புரிய வைக்கவே எண்பது, நூறு தடவை சொல்ல வேண்டும். புரிந்த பிறகும், நாலு தடவை சொன்னால் ஒரு தடவை கேட்டால் பெரிய விஷயம்.

படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நீண்ட முகம், ஒல்லி உடம்பு, 27 அங்குல உயரம். காதிலிருந்து கால்வரை பட்டுப்பட்டாகத் தொங்கும் முடி. ஷாம்பு விளம்பரத்துக்கு வந்த மாடல் மாதிரி நடக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். வராது!

"இவ்வளவு அழகைக் கொடுத்த ஆண்டவன் மூளையைக் கொடுக்கலையே சார்?"

அவசரப்படாதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எஜமானர் பின்னால் வருகிறார்!

மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய்கள் ஒரு ஜாதி. கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிக்கும் நாய்கள் இன்னொரு ஜாதி. ஆஃப்கன் ஹவுண்ட் இரண்டாவது ரகம். நம் ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும்கூட அந்த ரகம்தான். ஆனால் ஆஃப்கானிஸ்தானத்து மலைக் குளிர் நம் ஊரில் இல்லையே... அதனால் நம்மவைக்கு அந்தக் கம்பளிக் கோட்டு இல்லை.

அங்கே இதற்குப் பெயர் 'தாஸி'. முயல் கண்ணில் பட்டதும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். பாறைகளுக்கு நடுவே சட்டென்று திரும்புவதற்கு ஏற்றாற்போல இடுப்பெலும்பும் உயர்ந்து, அகன்று இருக்கும். வேட்டைக்காரர் எங்கோ பின்னால் வந்துகொண்டிருப்பார். 'இடது பக்கம் போகட்டுமா, வலது பக்கம் போகட்டுமா?' என்று உத்தரவுக்குக் காத்திருந்தால், முயல் அடுத்த மலைக்குப் போய்க் குடித்தனமே ஆரம்பித்திருக்கும்!

அதனால், தானே பார்த்துத் தானே முடிவெடுக்கிற நாய்தான் அங்கே கெட்டிக்கார நாய். அதன் குட்டிகளைத்தான் ஆசையாக வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதே கதை. பார்டர் காலிக்கு வேலையே வேறு. ஆட்டிடையன் விசிலடிக்க அடிக்க, அதன்படி திரும்ப வேண்டும்.

கணக்கு வாத்தியார் வைத்த பரீட்சையில் ஓட்டப்பந்தய வீரன் ஃபெயிலான கதைதான் இது. அந்தப் பட்டியல் கீழ்ப்படிதலைத்தான் அளக்கிறது, பிறவியிலேயே வருகிற திறமை வேறு என்று கோரனே சொல்லியிருக்கிறார். நாம்தான் அதைப் படிக்காமல் 'முட்டாள் நாய்' என்று முத்திரை குத்திவிட்டோம்.

முடியைப் பார்த்து மயங்கியவர்கள்

1907-ல் ஜர்தின் என்ற ஆஃப்கன் ஹவுண்ட் லண்டன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அலெக்ஸாண்ட்ரா ராணியே அதை வரவழைத்துப் பார்த்தாராம். 1920-லும் 1925-லும் இன்னும் சில நாய்கள் கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போயின. அங்கிருந்து ஆரம்பித்தது வினை. வேட்டைக்காரர்கள் காலைப் பார்த்து வளர்த்தார்கள். கண்காட்சிக்காரர்கள் முடியைப் பார்த்து வளர்த்தார்கள். முடி நீண்டுகொண்டே போனது.

1970-களில் அமெரிக்காவில் இது ஒரே ஃபேஷன். 1979-ல் பார்பி பொம்மைக்கே ஓர் ஆஃப்கன் ஹவுண்ட் வந்துவிட்டது! பொம்மைக்குச் சரி. நிஜ நாய்க்குத் தினமும் வேலை செய்ய வேண்டுமே?

இவ்வளவு வேலை சார்!

குளிப்பாட்டி, காய வைத்து, சீவி முடிக்கச் சில மணி நேரம். வாரா வாரம்! காய்ந்த முடியை அப்படியே சீவினால் பிய்ந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, அடிவரை பிரித்துச் சீவ வேண்டும். அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழுந்தால் தோல் புண்ணாகும். ஒரு வயது வாக்கில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் சமயத்தில் சிக்குக்குப் பஞ்சமே இருக்காது. சாப்பிடும்போது காது தட்டில் விழாமலிருக்கத் தலையில் துணி உறை மாட்டுவார்கள். கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு முடியை ஒட்ட வெட்டிவிடலாம். நாய் கோபித்துக்கொள்ளாது, சந்தோஷப்படும்!

கயிறில்லாமல் தெருவில் விடவே கூடாது. எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், உங்கள் குரல் அதன் காதில் விழாது. லாரியும் கண்ணில் படாது. ஆனால் தினமும் அது ஓடியாக வேண்டும். அதற்கு உயரமான வேலி போட்ட மைதானம் வேண்டும்.

அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் பயந்து ஒதுங்கிவிடும். ஐந்து நிமிஷப் பாடம், கையில் ஒரு தின்பண்டம், நிறையப் பொறுமை. அதுதான் வழி.

ரொம்ப முக்கியமான ஒன்று. இந்த ஒல்லி ஜாதி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. சிலவகை மயக்க மருந்து கொடுத்தால் தெளிய வெகுநேரம் ஆகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபரேஷன் என்றால், "டாக்டர், இது சைட் ஹவுண்ட்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஒரே வேளையில் மூக்குமுட்டப் போடாமல், இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணி பஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு, இரண்டாவது மாடியில் ஒரு பெட்ரூம், மே மாத வெயில், இந்தக் கம்பளிக் கோட்டு. பைக்கில் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காக வாங்கினால், தண்டனை உங்களுக்கல்ல. வாயில்லாத ஜீவனுக்கு!

2005-ல் தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உலகின் முதல் குளோனிங் நாயை உருவாக்கினார்கள். 123 நாய்களின் கர்ப்பப்பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கருக்களை வைத்து, கடைசியில் பிழைத்தது ஒரே ஒரு குட்டி. பெயர் ஸ்னப்பி. ஜாதி? நம்ம கடைசி ரேங்க்தான்! உருவத்தை அச்சாக நகலெடுத்துவிட்டார்கள். ஆனால் நாயின் நம்பிக்கையைச் சம்பாதிக்க மட்டும் குறுக்குவழி கிடையாது.

அந்நியர்களிடம் அலட்சியமாக இருக்கும் இந்த நாய், வீட்டாரிடம் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான் என்கிறார்கள் வளர்த்தவர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவது மற்ற நாய்களின் பழக்கம். இது அப்படியல்ல. யோசிக்கும். சாவகாசமாக எழுந்திருக்கும். பிறகு தானாகவே வந்து, உங்கள் மடியில் அந்த நீண்ட முகத்தை வைக்கும்.

உத்தரவுக்காக இல்லை... உங்களுக்காக!