புற்றுநோயாளரின் மனத்திண்மையும் ஆயர் பணியும்

புற்றுநோய் என்று மருத்துவர் கூறக் கேட்டவர் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி, "நான் பிழைப்பேனா?" என்பதாகும். நம் சபை மக்களிடையே நாளடைவில் மற்றொரு கேள்வியும் எழுகிறது: "என் விசுவாசக் குறைவினால்தான் இந்நோய் நீங்கவில்லையோ?" முதற்கேள்வி மருத்துவருக்குரியது, இரண்டாவது ஆயரிடம் வருகிறது. நாம் கூறும் விடை நோயாளியைத் தாங்கவும் கூடும், நசுக்கவும் கூடும்.

மனத்திண்மை புற்றுநோயை வெல்லும் என்னும் எண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1979-இல் ஸ்டீவன் கிரீர் என்னும் மனநோய் மருத்துவரும் அவருடைய உடனுழைப்பாளரும் இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய் கண்ட 69 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். போராடும் மனப்பான்மையுடையோரின் நிலை ஏனையோரைவிட நன்றாயிருந்ததாக அதில் காணப்பட்டது. ஆனால் 1999-இல், 578 பெண்களைக் கொண்டு செய்யப்பெற்ற பெரியதோர் ஆய்வில், அம்மனப்பான்மை ஆயுளை நீட்டியதாகக் காணப்படவில்லை. ஆழ்ந்த நம்பிக்கையிழப்பும் கடும் மனச்சோர்வும் உடையோரின் நிலையே தாழ்வாயிருந்தது. எனவே, அழுகின்றவரைக் கோழை எனக் கடிந்துகொள்ள நமக்கு ஆதாரமில்லை. மனச்சோர்வில் அமிழ்ந்தவருக்கு மருத்துவ உதவி தேடித்தருவதோ நம் கடமை.

அப்படியாயின் மனத்திண்மையால் பயன் என்ன? அது நோயை நீக்கும் மருந்தன்று. நோயோடு வாழும் நாட்களைச் சுமக்கும் தோள். அதன் கூறுகளுள் மூன்றை இங்கு கருதுவோம்.

முதலாவது, உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு. சங்கீதங்களுள் மிகப்பல புலம்பல்களே. புலம்புகிறவன் விசுவாசத்தை விட்டவனல்லன். கடவுளிடமே முறையிடுகிறான் அன்றோ?

இரண்டாவது, துன்பத்தின் நடுவிலும் வாழ்வுக்குப் பொருள் காணுதல். நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல் இதனை வலியுறுத்தினார். அவர் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் என்பவர் முற்றிய புற்றுநோயாளருக்கென உளச்சிகிச்சை முறையொன்றை வகுத்தார்.

மூன்றாவது, உருமாறக்கூடிய நம்பிக்கை. முழுச்சுகத்தை நாடிய உள்ளம், பின்னர் மகளின் திருமணத்தைக் காண நாடலாம். அதன்பின் வலியற்ற ஓர் இரவை நாடலாம். இது தோல்வியன்று.

ஒரு சகோதரியின் வீட்டில் ஜெபித்தவர்கள் சென்றபின், அவர் என்னிடம், "ஐயா, இவர்கள் முன் தைரியசாலியாய் இருந்து இருந்தே களைத்துப்போனேன்" என்றார். நோயின் பாரத்தோடு நாங்களும் ஒரு பாரத்தை ஏற்றிவைத்திருந்தோம் என அன்று உணர்ந்தேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நன்மை அதுவே. காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே தவறினர். பவுல் மூன்று முறை வேண்டியும் அவருடைய முள் நீங்கவில்லை. அவரை விசுவாசமற்றவர் என எவரும் உரைப்பதில்லை. நோயாளியின் கட்டிலருகே செல்லும் நாம், அவரிடம் திடத்தைக் கேட்டுப் பெறச் செல்லவில்லை. அவர் தளரும் வேளையில் உடனிருக்கவே செல்கிறோம்.