சாவா மூவாப் பேராடு

பணி ஓய்வுக்குப்பின் சோழர் கால நாவல் ஒன்றை எழுதத் தொடங்கினேன். அரண்மனையும் போர்க்களமும் எளிதில் அமைந்தன, உயிர்தான் வரவில்லை.

அந்நாளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியப் பெரும்பாலும் 96 ஆடுகளை அளிப்பர். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்திட வேண்டும். இறக்கும் ஆடுகளைக் குட்டிகள் ஈடுசெய்வதால் எண்ணிக்கை குறையாது. ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. முதல் குறையாத வைப்புநிதி என்று என் வங்கி மனம் வியந்தது.

அப்போது அம்மாவின் நினைவு வந்தது. மாதக் கடைசியில் தாளிக்க எண்ணெய் இராது. எனினும் சுவாமி விளக்குக்கென எடுத்துவைத்த எண்ணெயை அவர் தொட்டதில்லை. பசித்த சிறுவனாய் அதற்காகக் கோபித்திருக்கிறேன்.

இன்று என் நாவலின் நாயகன் மன்னனல்லன். பஞ்சத்திலும் நெய் அளக்கும் இடையன். அவன் பேசும்போதெல்லாம் அம்மாவின் குரலே கேட்கிறது.