நடையை அளக்கும் சென்சார்

பிசியோதெரபியில் கால் அசைவை அளக்க, தீப்பெட்டியளவு சென்சார் ஒன்றைத் தொடையிலும் மற்றொன்றைக் கெண்டைக்காலிலும் பட்டையால் கட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் முடுக்கமானி வேக மாற்றத்தையும், கைரோஸ்கோப் சுழலும் வேகத்தையும் நொடிக்கு 100 முறை வரை பதிவு செய்யும். தொடையின் சாய்வுக்கும் கெண்டைக்காலின் சாய்வுக்கும் உள்ள வேறுபாடே முழங்கால் மடங்கும் கோணம்.

1870களிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, காற்றறை பொருத்திய காலணிகளால் நடையைப் பதிவு செய்தார். சிகிச்சையறையில் இன்றும் பயன்படும், மூட்டின் கோணத்தை அளக்கும் கருவியான கோனியோமீட்டரால், அசையாமல் வைத்த காலைத்தான் அளக்க முடியும். பல கேமராக்கள் கொண்ட நடை ஆய்வகம் துல்லியமானது. ஆனால் செலவு அதிகம்.

இயல்பான நடையில் ஒரு கால் சுமார் 60 சதவீத நேரம் தரையிலும், 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கும். காலை வீசும்போது முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கும். பக்கவாதம் வந்தவருக்கு இந்த மடக்கம் குறைந்து, பாதம் தரையில் உரசும். அதைத் தவிர்க்கக் காலை வெளிப்புறமாக வட்டமடித்து வைப்பார். பாதிக்கப்பட்ட கால் தரையில் நிற்கும் நேரமும் குறையும். சென்சார் பதிவிலிருந்து வரையும் வரைபடத்தில் இவை தெளிவாகத் தெரியும்.

கேரள எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளுக்கு இந்தச் சென்சாரால் தனிப் பயன் உண்டு. மருத்துவமனையின் சமதளத் தாழ்வாரத்தில் பத்து மீட்டரைச் சிரமமின்றிக் கடப்பவர், வீட்டுக்கு ஏறும் செம்மண் சரிவிலும் ரப்பர் தோட்டத்து மேட்டிலும் தடுமாறலாம். படி இறங்கவே முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்க வேண்டும். சென்சாரைக் கட்டிக்கொண்டே அவர் அந்த வழியில் நடந்து காட்டலாம். இதை நடைப்பயிற்சி ரோபோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜி-கெய்ட்டர், நோயாளியின் கால்களை இயக்கி நடைப்பயிற்சி தரும் ரோபோ. சென்சாரோ அளக்க மட்டுமே செய்யும்.

குறைகளும் உண்டு. பட்டை நழுவினாலும் தசை குலுங்கினாலும் கோணம் தவறும். கைரோஸ்கோப்பின் சிறு பிழைகள் நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும். பாதத்திலும் ஒரு சென்சாரைக் கட்டினால், பாதம் தரையில் படிந்து நிற்கும் கணத்தில் அதன் வேகம் பூச்சியம் எனக் கொண்டு மென்பொருள் இப்படிச் சேரும் பிழையைக் குறைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கட்டி, நேராக நிற்கவைத்துத் தொடங்கினால்தான் முந்தைய அளவோடு ஒப்பிட முடியும்.

முழங்கால் ஏன் மடங்கவில்லை என்பதைச் சென்சார் சொல்லாது. வலியா, தசைத் தளர்ச்சியா, விழுந்துவிடுவோமோ என்ற பயமா என்பதைத் தொட்டுப் பார்த்தும் கேட்டறிந்தும் முடிவு செய்ய வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட்தான்.