வாயைத் திறக்க வைக்கும் கைப்பேசி

2004 ஆகஸ்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் சுமார் 1,650 பேருக்கு ஆளுக்கொரு ஐபாட் கொடுத்தது. ‘பாட்டுக் கேட்கவா கல்லூரி?’ என்ற கேலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கருவி உருப்படியாகப் பயன்பட்ட இடங்களில் ஸ்பானிஷ் வகுப்பும் ஒன்று.

காரணம் எளிது. இருபது பேர் இருக்கும் வகுப்பில் 50 நிமிடத்தைப் பங்கு போட்டால் பேசுவதற்கு ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. ஆசிரியரும் பேச வேண்டுமே! ஐபாட்டின் தலையில் ஒரு குட்டி மைக்கைச் செருகினால் விடுதி அறையிலேயே பேசிப் பதிவு செய்யலாம். இப்போது அந்த மைக்கும் தேவையில்லை, கைப்பேசி போதும். நாக்கு நுனி துடிக்க வேண்டிய ‘ர்ர்’ சரியாக வரவில்லையா? தானே கேட்டு, முகம் சுளித்து, அழித்துவிட்டு மறுபடி பேசுவார் மாணவர். ஆசிரியர் காதுக்குப் போவது கடைசிப் பதிவு மட்டுமே. ஆனால் அழித்த பதிவுகளில்தான் படிப்பே நடக்கிறது.

இதற்கு முன்பே, 2001 வாக்கில், ஸ்டான்ஃபோர்டில் ஸ்பானிஷ் பாடத்தைக் கைப்பேசியில் ஏற்றிப் பார்த்தார்கள். சின்னத் திரை, கரகரத்த ஒலி. இயந்திரம் நடத்திய சொற்பயிற்சி திணறியது. மறுமுனையில் ஆசிரியரே பேசிய பாடம் எடுபட்டது.

பிறகு செயலிகளின் காலம். குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன் கூட்டாகத் தொடங்கிய டுவோலிங்கோ 2012இல் எல்லோருக்கும் திறந்தது. அதில் சராசரியாக 34 மணி நேரம் ஸ்பானிஷ் படித்தால் கல்லூரியின் முதல் பருவப் பாடத்துக்கு ஈடு என்று அதே ஆண்டு ஓர் ஆய்வு சொன்னது. பணம் கொடுத்தது டுவோலிங்கோதான் என்பதைக்கூட விட்டுவிடலாம். எந்தத் தேர்வை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள்: இலக்கணம், சொல்வளம், வாசிப்பு. எல்லாம் கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

சொற்களை மனதில் பதிக்கச் செயலி கெட்டிக்கார உதவியாள்; பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் அதற்குப் போதும். பல்கலைக்கழகம் செலவழிக்க வேண்டியது அதற்கல்ல, மாணவர் பேசுவதைக் கேட்பதற்கு. ஆளுக்கு வாரம் ஐந்து நிமிடப் பதிவு கேட்டால், இருபது பேருக்கு நூறு நிமிடம் ஆசிரியர் காது கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் தொடக்கநிலை மொழி வகுப்புகளைப் பெரும்பாலும் தாங்குபவர்கள் ஒப்பந்த விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும்தான். கருவி வாங்கும் திட்டத்தில் அவர்களுடைய அந்த நூறு நிமிடத்துக்கும் சம்பளம் ஒதுக்கியாக வேண்டும்.