மாதக் கடைசியில் பட்டினி ஏன்? ரூ.50-ல் ஒரு நாள் சாப்பாடு! அறை எடுத்துப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு

சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களில் பலருக்கு ஒரு மாதத்தில் இரண்டு காலம் உண்டு. முதல் பத்து நாள் பரோட்டா, பிரியாணி. கடைசி பத்து நாள் டீயும் பன்னும்!

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுவார். "சாப்பிட்டியாப்பா?" என்பார். "ஆச்சும்மா" என்று பதில் போகும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. மறுநாள் வகுப்பில் தலை சுற்றும்.

திருவல்லிக்கேணி பக்கம் போனால் பைகிராப்ட்ஸ் ரோடு என்கிற பாரதி சாலையைச் சுற்றி சந்துக்குச் சந்து மேன்ஷன்கள். படிக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், பரீட்சைக்குத் தயார் செய்கிறவர்கள் என்று அத்தனை பேரும் மெஸ்ஸையும் கையேந்தி பவனையும் நம்பித்தான் இருக்கிறார்கள். சாதாரண ஓட்டலிலேயே ஒரு சாப்பாடு ரூ.100-ஐ தொட்டுவிட்டது. என்னதான் செய்வது?

பணம் எங்கே போகிறது?

ஒரு மாணவருக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் ரூ.3,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ரூ.100. ஆனால் பணம் வந்த ஜோரில் முதல் பத்து நாள் ரூ.200 வீதம் செலவழித்தால் ரூ.2,000 காலி. மிச்சம் ரூ.1,000. அதை 20 நாளுக்கு ஓட்ட வேண்டும். நாளுக்கு ரூ.50-தான்!

ரூ.50-ல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? முடியும். அரசாங்கமே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. அரசு நல விடுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கான உணவுப்படி 2023-ம் ஆண்டு மாதம் ரூ.1,100-ல் இருந்து ரூ.1,500 ஆக உயர்த்தப்பட்டது. நாளுக்கு ரூ.50! ஆனால் விடுதியில் மொத்தமாக வாங்கி மொத்தமாகச் சமைக்கிறார்கள். தனி ஆளுக்கு வழி வேறு.

ரூ.18-ல் மூன்று வேளை

அந்த வழி, வார்டுக்கு வார்டு இருக்கும் அம்மா உணவகம். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி அன்றைய முதல்வர் ஜெயலலிதா இதைத் தொடங்கி வைத்தார். மாநகராட்சி நடத்துகிறது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2024-ல் புதுப் பாத்திரங்களுக்கும் சீரமைப்புக்கும் ரூ.21 கோடி ஒதுக்கப்பட்டது.

விலை என்ன? இட்லி ரூ.1. பொங்கல் ரூ.5. சாம்பார் சாதம் ரூ.5. தயிர் சாதம் ரூ.3. ராத்திரி இரண்டு சப்பாத்தி ரூ.3.

காலை நாலு இட்லி ரூ.4. மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் ரூ.8. இரவு நாலு சப்பாத்தி ரூ.6. கூட்டிப் பாருங்கள். ரூ.18!

ஒரே நிபந்தனை, நேரம். காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை, இரவு 6 முதல் 9 வரை. விடிய விடிய முழித்திருந்து 11 மணிக்கு எழுந்து போனால் இட்லி கிடைக்காது தம்பி!

மிச்சம் ரூ.32 எதற்கு?

அரிசியும் மாவுமாகத் தின்றால் வயிறு நிறையும், உடம்பில் சத்து சேராது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் ஒரு அளவு சொன்னது. அதன்படி ஆண்களுக்கு நாளுக்கு சுமார் 54 கிராம் புரதம் வேண்டும். பெண்களுக்கு சுமார் 46 கிராம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 50 கிராமில் 12 கிராம். கொண்டைக்கடலை 50 கிராமை ராத்திரி ஊறவைத்து அவித்தால் சுமார் 10 கிராம். பிஸ்கட் பாக்கெட்டில் போகும் காசை முட்டையிலும் கடலையிலும் போட்டால் பாதிக் கவலை விட்டது. கூட ஒரு வாழைப்பழம். ரூ.32-க்குள் முடித்துவிடலாம்.

மூன்று பேர், ஒரு குக்கர்

அறையில் சமைக்க அனுமதி இருந்தால் மூன்று பேர் சேருங்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, ஒரு பிடி பருப்பு, கிடைத்த காய். 700 வாட் கரண்ட் குக்கர் அரை மணி ஓடினால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆகும். பழைய கட்டடங்களில் ஒரே பிளக்கில் இரண்டு மூன்று சாமான்களை மாட்டாதீர்கள். வயர் சூடேறி தீப்பிடிக்கும்.

கேஸ் வேண்டுமா? 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். தெருவோரம் திருட்டுத்தனமாக நிரப்பித் தருகிறவர்களிடம் போகவே கூடாது. அது சட்டவிரோதம், உயிருக்கும் உலை.

இன்னொரு எச்சரிக்கை. 'மலிவு' என்று யாராவது ரேஷன் அரிசியைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். விற்பவர் மட்டுமல்ல, வாங்குகிறவரும் மாட்டுவார். இதற்கென்றே போலீசில் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது.

நோட்டு போடுங்கள்

பல கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' உண்டு. மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் வகுத்து, ஆளுக்குப் பங்கு போடுவார்கள். மாணவர்களே கணக்கு எழுதுவதால் வீண் செலவு உடனே கண்ணில் படும். அறையில் தங்குகிறவர்களும் இதைச் செய்யலாம்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுத்த ஏழு நாளைக்கு எந்த வேளை எங்கே சாப்பாடு, எவ்வளவு என்று எழுதுங்கள். பணம் வந்த அன்றே அதை நாலு கவரில் பிரித்து வையுங்கள், வாரத்துக்கு ஒன்று. மாதத்தில் மிஞ்சும் இரண்டு மூன்று நாளுக்கு ரூ.200 தனியாக. பிரியாணி ஆசையா? தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அந்த வாரக் கவரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அடுத்த கவரைத் தொடக்கூடாது!